மூன்றாம் நம்பர் கொழுந்தெடுத்த மாதம்

முதலாவது, நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு தேயிலைத் தோட்டத்துக்காரர்களான எங்கள் குடியுரிமையைப் பிடுங்கினார்கள்.

இரண்டாவது, அதற்குப் பின்னாலேயே வாக்குரிமையைப் பிடுங்கினார்கள்.

மூன்றாவது, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் ஓட்டை விழுந்து மூன்று மழைக்காலம் கண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது, லயத்துத் தண்ணீர்க் குழாயைக் கழற்றித் துரை பங்களாவின் ரோசாச் செடிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

ஐந்தாவது, அதைக் கேட்கப்போன என்னை ஆபிஸ் வாசலில் அரை நாள் மழையில் நிற்க வைத்தார்கள்.

ஆறாவது, தோட்டத்திலேயே அதிகம் கொழுந்து எடுத்த தொழிலாளி என்று எனக்குப் பரிசு அறிவித்தார்கள்.

முதல் ஐந்தைப் பற்றியும் அட்டன் முதல் அக்கரப்பத்தனை வரை எல்லா மேடையிலும் பேசிவிட்டேன். ஆறாவதைப் பற்றி இதுவரை வாயைத் திறக்கவில்லை. அதை ஊரே பேசிவிட்டதால் எனக்கு அந்த வேலை மிச்சமானது. ஆனால் ஊர் பேசுவதில் பாதி பொய். மீதி பாதி அதைவிட மோசம், உண்மை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன், தோழர்களே.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஆபிசுக்குப் போய், என்னை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும். போக கால் மணி, வர கால் மணி. நடுவில் கிளாக்கரை முறைக்க ஐந்து நிமிடம்.

கடிதம் தயாராக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக ஒரு மாதம் பாடுபட்டிருந்தேன். எங்கள் தோட்டத்துச் சட்டம் அப்படி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூடும்போது வந்து நிற்க வேண்டும், சொன்ன மலைக்குப் போக வேண்டும், அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, விழும். ஒரு மாதத்தில் ஒரு பேர்கூட விழாதவனுக்குச் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவில் பேர் வெட்டு. அவன் பேரில் இருக்கும் லயத்து அறை, அந்தக் காம்பராவும் காலி.

நான் ஒரு மாதம் முழுக்கப் பெரட்டுப் பக்கமே போகவில்லை. தனிநபர் பகிஷ்கரிப்பு. துரை கோபப்பட்டு என் பேரை வெட்டுவான், அதை வைத்துத் தோட்டத்தையே கிளப்பிவிடலாம் என்பது திட்டம். அட்டனில் ஒரு அச்சகத்தில் ஐந்நூறு நோட்டீசுக்கும் சொல்லியாகிவிட்டது. தலைப்பு, 'பழிவாங்கப்பட்டார் தலைவர் வேலாயுதம்'. கொட்டை எழுத்து.

என் பெண்சாதி அஞ்சலைக்கு மட்டும் இந்தப் போராட்டத்தின் ஆழம் புரியவில்லை. அவள் விடியக் கொழுந்துக்குப் போய் அந்தியில் திரும்பி வந்து, நான் சுருண்டு படுத்திருந்த இடத்தைப் பார்த்து, வெறகு பொறக்குறதையும் பகிஷ்கரிச்சாச்சா என்று கேட்பாள். வரலாறு பதில் சொல்லும் என்று விட்டுவிட்டேன்.

ஆபிசுக்குச் சாட்சியாக இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவன் ராக்கன், எதற்கும் தலையாட்டுவான். இன்னொருவன் செபமாலை, எதையும் கேள்வி கேட்பான். சாட்சிக்கு இரண்டு ரகமும் வேண்டும் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்திருந்தேன்.

கிளாக்கர் தேவசகாயம் ஒரு கவரை நீட்டினார். சிரித்துக்கொண்டே நீட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே ஒரு அறிவுள்ள மனிதன் சந்தேகப்பட்டிருப்பான். நான் படவில்லை. எதிரியின் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கவரை ஆபிசுக்குள் வைத்துப் பிரிக்கவில்லை. மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம், தராசுக் கொட்டகையான மடுவத்தில் நூறு பெண்களாவது கூடையோடு நிற்பார்கள். நேரே அங்கே போய் ஒரு மரப்பெட்டி மேல் ஏறினேன். கவரைக் கிழித்தேன். மேடைக் குரலில் படித்தேன்.

என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. அது எடுத்தால் நிற்காது. கண் படிக்கும், வாய் முழங்கும், மூளை பின்னால் நடந்து வரும். "நம்பர் மூன்று, வேலாயுதம். சென்ற மாதம் ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்தமைக்காகவும், தோட்டத்திலேயே அதிக கொழுந்து எடுத்தமைக்காகவும், உமக்கு ஒரு கம்பளி வழங்கப்படும். சனிக்கிழமை பெரட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று முழங்கி முடித்து, கையை ஓங்கி, நேற்றே தயார் செய்து வைத்திருந்த வரியையும் சொல்லிவிட்டேன்: "பார்த்தீர்களா தோழர்களே, இந்த அக்கிரமத்தை!"

மடுவத்தில் தராசு ஆடும் சத்தம் மட்டும்.

செபமாலைதான் முதலில் பேசினான். "தலைவரே, கம்பளி குடுக்குறது அக்கிரமமா?"

அதற்குள் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் எந்த மலையில் எடுத்தார், எங்கள் கண்ணில் படவேயில்லையே என்றாள் ஒருத்தி. நிரை பிடித்து எடுத்தாரா, படுத்துக்கொண்டே எடுத்தாரா என்றாள் இன்னொருத்தி. எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது பெண்கள். ஆண்கள் செடியைக் கவ்வாத்து வெட்டுவோம், தண்ணீர் ஓடக் கான் வெட்டுவோம். நான் அதையும் அளவோடுதான் செய்வேன். கூட்டத்தில் அஞ்சலையும் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

இது துரையின் சூழ்ச்சி என்று எனக்குப் பளிச்சென்று புலப்பட்டது. பேரை வெட்டினால் நான் தியாகி, பரிசு கொடுத்தால் நான் துரோகி. என்ன மூளை! இரண்டாவது நோட்டீசுக்குத் தலைப்புக்கூட மனதில் வந்துவிட்டது. 'கம்பளி லஞ்சம்'.

அப்போதுதான் மருதாயி வந்தாள்.

மருதாயி டயகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவள். புருசன் செத்துப்போய், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்து பேர் பதிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாலாம் லயத்தில் கடைசிக் காம்பரா அவள் பேரில் இருந்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவள் கையிலும் ஒரு கவர். "எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க தலைவரே. படிச்சுச் சொல்லுங்க. கம்பளின்னா ரெண்டாக் கேட்டுப் பாருங்க. புள்ளைங்க ரெண்டு" என்றாள்.

இந்தத் தடவை முதலில் மனதுக்குள் படித்தேன். 'நம்பர் 1003. சென்ற மாதம் ஒரு நாளும் வேலைக்கு வராதபடியால் செக்ரோலில் பேர் வெட்டப்படுகிறது. சனிக்கிழமை மாலைக்குள் காம்பராவைக் காலி செய்யவும்.'

ஒரு மாதமாக நான் ஆசைப்பட்ட கடிதம். சொல்லுக்குச் சொல் அதே கடிதம். அது அவள் கையில் இருந்தது.

சொன்னேன். மருதாயி அழுவாள் என்று எதிர்பார்த்தேன், ஆறுதலுக்கு இரண்டு வாக்கியமும் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. "ஒரு நாளும் வரலையா? அப்ப நேத்து எம் பின்னால நின்னுக்கிட்டு வெரசா எடு வெரசா எடுன்னு கத்துனாரே கணக்கப்புள்ள, அவரு செடியைப் பாத்தா கத்துனாரு?" என்று கேட்டாள். அன்று வியாழக்கிழமை. இரண்டு நாள் இருந்தது.

அவளையும் கூட்டிக்கொண்டு கிளாக்கரிடம் திரும்பினேன். மேசையை ஒரு குத்துக் குத்தினேன். கை வலித்தது.

தேவசகாயம் கோபப்படவில்லை. பின்னால் இருந்த ஒரு இரும்புப் பொறியை மேசைக்கு இழுத்தார். கொழும்பிலிருந்து புதிதாக வந்த நம்பர் பொறி. மலையிலிருந்து கணக்கப்பிள்ளை கொண்டுவரும் கடதாசியைப் பார்த்து, வேலைக்கு வந்தவர்கள் நம்பரைச் சக்கரத்தில் திருப்பி வைத்து, கைப்பிடியை ஒரு அமுக்கு. தாளில் நம்பர் விழும். அந்த நம்பருக்கு அன்றைய பேரும் கொழுந்தும். மாதக் கடைசியில் தாளை எண்ணினால் முடிந்தது. பேர் யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. நம்பர் போதும்.

"பாருங்க தலைவரே. ஒரு சக்கரத்துல பூச்சியத்துலேருந்து ஒம்பது வரைக்கும். அது பத்து ஆளுக்குக் காணும். ரெண்டு சக்கரம் நூறு ஆளுக்கு. மூணு சக்கரம் ஆயிரம் ஆளுக்கு, பூச்சியத்தையும் ஒரு ஆளாச் சேத்துக்கிட்டா. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரைக்கும் இந்தப் பொறிக்குத் தெரியும். அதுக்கு மேல ஒரு ஆளு வந்தாலும் அதுக்கு எடமில்ல. திரும்பப் பூச்சியத்துக்குப் போயிரும்."

"மருதாயி ஆயிரத்து மூணு" என்றேன்.

"மொத ஒண்ணு வைக்க எடமில்ல. மிச்சத்தை வச்சேன். பூச்சியம், பூச்சியம், மூணு."

என் நம்பர்.

ஒரு மாதம் முழுக்க அவள் வேலைக்குப் போனாள், நான் வந்ததாகத் தாளில் விழுந்தது. அவள் எடுத்த கொழுந்து என் பேரில் நிறுக்கப்பட்டது. நான் படுத்திருந்தது அவள் பேரில் எழுதப்பட்டது. முதலாளித்துவம் உழைப்பைச் சுரண்டும் என்று இருபது வருடமாகப் பேசியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு ஆள் உழைப்பை இன்னொரு ஆள் எடுத்துக்கொண்டதை அன்றுதான் கண்டேன். எடுத்துக்கொண்டவன் நான்.

ஆனாலும் விடவில்லை. இந்தத் தோட்டத்தில் எண்ணூறு பேர் தேற மாட்டார்கள், ஆயிரத்து மூன்று எப்படி வந்தது என்று மடக்கினேன்.

தேவசகாயம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். முன்பெல்லாம் ஒரு ஆள் செத்தால் அவர் நம்பரைப் புது ஆளுக்குக் கொடுப்பார்கள். செத்தவன் நம்பரை உயிரோடு இருப்பவன் கழுத்தில் மாட்டாதே என்று ஆபிஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தது யார் என்று கேட்டார். நான்தான். வென்றதும் நான்தான். மாலைகூடப் போட்டார்கள். அன்றிலிருந்து செத்தவர் நம்பர் செத்தவருக்கே. புது ஆள் வர வர நம்பர் மேலே போய்க்கொண்டே இருந்தது.

அப்படியானால் நான்கு சக்கரப் பொறி வாங்க வேண்டியதுதானே, கம்பெனிக்கு என்ன பஞ்சமா என்றேன்.

"இது நாலு சக்கரப் பொறிதான் தலைவரே" என்றார்.

குனிந்து பார்த்தேன். நான்குதான். முதல் சக்கரத்தில் மட்டும் எண்களை அராவி எடுத்துவிட்டு ஒரு முழு வட்டமும் ஒரு அரை வட்டமும் வெட்டியிருந்தது. வட்டம் முழுப் பேருக்கு, அரை வட்டம் அரைப் பேருக்கு.

"அரை நாள் வேலை செஞ்சவங்களுக்கு அரைப் பேரைத் தெளிவா அடிக்கணும், கையில எழுதக்கூடாது, எழுதினா அழிச்சிருவாங்கன்னு நோட்டீஸ் போட்டது ஞாபகம் இருக்கா? நாலு சக்கரம் இருந்தப்ப பத்தாயிரத்துக்குக் காணும். ஒண்ணைக் குறிக்குன்னு எடுத்துக்கிட்டோம், ஆயிரத்துக்கு எறங்கிருச்சு. எண்ணும் வேணும், குறியும் வேணும்னா எடம் எங்க இருக்கு?"

மாலை அதற்கும் போட்டிருந்தார்கள்.

ராக்கன் தலையாட்டினான். எதற்கு என்று தெரியவில்லை. செபமாலை வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டான். ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் சரியாகப் பேர் விழுந்தது எப்படி?

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றாத கேள்வி.

"ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் செத்துட்டாங்க. செத்தவங்க வேலைக்கு வர மாட்டாங்க. அதனால ஒண்ணு விழுந்தா அது ஆயிரத்து ஒண்ணுன்னு எனக்கு வெளங்கிரும். பூச்சியம்னு ஆளே கெடையாது, அது ஆயிரம். மூணாம் நம்பர்ல மட்டுந்தான் கொழப்பம்" என்றார் தேவசகாயம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "நீங்க உயிரோட இருக்கீங்க."

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. நான் ஒரே ஒரு நாள் வேலைக்கு வந்திருந்தால்கூடப் போதுமாம். ஒரே தாளில் மூன்றாம் நம்பர் இரண்டு தடவை விழுந்திருக்கும், அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாராம். நான் ஒரு நாள்கூட வராததால் அந்த நம்பர் தினமும் ஒரே தடவை, ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. தாள் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்ததாம்.

மருதாயி இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இவுங்க செஞ்ச மூணு நல்லதும் சேந்துதான் என்னை வெளியில தள்ளுதா?" என்றாள்.

துரையிடம் போனோம்.

துரை வெள்ளைக்காரன். எங்கள் தமிழை வேலை வாங்குவதற்காகக் கற்றவன், ஆகவே அவன் தமிழில் மரியாதை என்ற பாகம் கிடையாது. நான் நடந்ததைச் சொன்னேன். அவன் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு கேட்டான்.

"தாள்ல நீ வேலைக்கு வந்தேன்னு இருக்கு. வரலைன்னா ஒரு மாசம் நீ எங்க?"

"வீட்டில். பகிஷ்கரிப்பு."

"யாருக்குத் தெரியும்?"

யோசித்தேன். அஞ்சலைக்குத் தெரியும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், நான் வராததில் அவருக்கு நிம்மதி என்பதால் வெளியில் சொல்லவில்லை. ராக்கனுக்கும் செபமாலைக்கும் தெரியும்.

"யாருக்கும் தெரியாமப் பண்றதுக்குப் பேர் பகிஷ்கரிப்பு இல்லை தலைவர். அதுக்குப் பேர் தூக்கம்" என்றான் துரை.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தான். என் நோட்டீஸ். ஐந்நூறும். அச்சகத்துக்காரன் தபாலில் அனுப்பியிருக்கிறான். எங்கள் தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் ஆபிஸ் வழியாகத்தான் வரும் என்பது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். விலாசம் கொடுக்கும்போது மட்டும் மறந்துவிட்டது. 'பழிவாங்கப்பட்டார்' என்று துரை எழுத்துக்கூட்டிப் படித்தான். எப்போது பழிவாங்கினேன் என்று உண்மையான அக்கறையோடு கேட்டான்.

நான் பேச்சை மாற்றினேன். ஐந்து சக்கரப் பொறி வாங்கு என்றேன். வாங்கலாம், சீமையிலிருந்து வர ஆறு மாதம், தாளும் அகலமாக அச்சடிக்க வேண்டும் என்றான். அரை வட்டத்தை எடுத்துவிட்டு எண்களை வெட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அரைப் பேரை நம்பியிருக்கும் பிள்ளைத்தாச்சிகளும் வயதானவர்களும் கண்முன் வந்தார்கள். மூடிக்கொண்டேன். தாளைக் கையால் திருத்து என்றேன். கையெழுத்துப் போட்டு மாதம் முடித்த தாளைத் திருத்தினால் கொழும்பில் கேள்வி கேட்பார்கள் என்றான்.

"ஒரு வழி இருக்கு. செத்தவன் நம்பர் ஏதாவது ஒண்ணு இவளுக்குக் குடுத்துப் புதுசாப் பதிவேன்" என்றான்.

முடியாது என்றேன். கொள்கை.

"நீங்க சும்மா இருங்க தலைவரே" என்றாள் மருதாயி. துரைக்கு முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "செத்தவங்க நம்பர் எனக்கும் வேணாம். புதுசாப் பதிஞ்சா போன மாசம் நான் வந்தது இல்லாமப் போயிரும், காம்பராவும் போயிரும். இவுங்க நம்பரைக் குடுக்கச் சொல்லுங்க. இவுங்கதான் சாகலையே."

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். தேவசகாயம் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு தாளையும் தொட வேண்டாம், மாதத்தின் முதல் தேதியிலிருந்து மூன்று என்றால் மருதாயி என்று எழுதிக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும் என்று துரையிடம் சொன்னார். செத்தவன் நம்பரைத்தான் கொடுக்கக்கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருந்தது. உயிரோடு இருப்பவன் நம்பரைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியது நான்தான்.

ஒரு நிபந்தனை போட்டான் துரை. செக்ரோலில் பேர் மாறினால் சனிக்கிழமைப் பெரட்டில் சாட்சி வைத்து வாசிப்பது வழக்கம். வாசிக்கும் முன் நான் என் வாயால் சொல்ல வேண்டும், ஒரு மாதம் ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்று.

அப்படியென்றால் என் பேரை வெட்டுவாயா என்று கேட்டேன். கடைசி நம்பிக்கை அது.

"வெட்ட மாட்டேன். வெட்டினா இந்த ஐந்நூறு காயிதமும் உண்மையாப் போயிடும். திங்கக்கிழமை கவ்வாத்துக்கு வா" என்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். நம்பர் மூன்று சாதாரண நம்பர் இல்லை. எனக்கு முன்னால் பதிந்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், உயிரோடு இருப்பவர்களில் நான்தான் முதல் நம்பர். கூட்டங்களில் சொல்லிக்கொள்வேன். அதைக் கொடுத்துவிட்டு, தோட்டமே கூடியிருக்க நான் சும்மா கிடந்தேன் என்றும் சொல்வதா? சிறைக்குப் போகத் தயாராக இருந்தவன் நான். சிரிப்புக்கு யாரும் என்னைத் தயார்ப்படுத்தவில்லை.

அஞ்சலையிடம் கேட்டேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே பேசினாள். அந்தப் பொம்பளை நேற்றே சாமான் சட்டியைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டாளாம், பிள்ளைகள் சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறதுகளாம்.

"அந்த மூணை வச்சு நீங்க கொழம்பா வைக்கப் போறீங்க?" என்றாள்.

சனிக்கிழமை விடியப் பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு பெரட்டுக் களத்துக்குப் போனேன். பனி. ஆள் முகம் தெரியாத அளவுக்குப் பனி. நல்லது என்று நினைத்தேன். துரை வந்த நேரம் பார்த்து அதுவும் விலகிவிட்டது.

முன்னால் வந்து நின்றேன். பேச்சு தயாரித்திருந்தேன், உழைப்பின் மகத்துவத்தில் தொடங்கி உலகத் தொழிலாளர் வரை. மருதாயி தன் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் உலகத் தொழிலாளர் எல்லாம் வரவில்லை.

"போன மாதம் நான் ஒரு நாளும் வேலைக்கு வரவில்லை. என் பேரில் விழுந்ததெல்லாம் மருதாயி செய்த வேலை" என்றேன். என் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சமாதானமாகச் சொன்னார். "அது பரவால்லைங்க தலைவரே. வந்த மாசங்கள்ல மட்டும் என்னா செஞ்சீங்க."

நான் அதற்குப் பதில் எழுதப்போவதில்லை.

துரை கம்பளியை மருதாயியிடம் கொடுத்தான். அவள் அதை விரித்துப் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்தி அதற்குள் சுற்றினாள். இரண்டு தலை மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு தேவசகாயம் செக்ரோல் புத்தகத்தோடு மேட்டில் ஏறினார். சாட்சிக்கு ராக்கனும் செபமாலையும் அவர் பக்கத்தில். எனக்காகக் கூட்டிப்போன சாட்சிகள்.

ஆயிரத்து மூன்றாம் நம்பர் இனி நான்தான். பொறியில் அதற்கு இடமில்லை என்பதால் புதுப் பொறி வரும்வரை என்னைக் கையால் கடைசியில் எழுதுவார்களாம். சரி என்று வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

தேவசகாயம் கண்ணாடியைச் சரி செய்து, புத்தகத்தைத் திறந்து, கூப்பிட்டார்.

"நம்பர் மூணு."

"இருக்கேங்க" என்றாள் மருதாயி.

"இருக்கேன்" என்றேன் நான்.

இருபது வருடப் பழக்கம், தோழர்களே. வாய் முந்திக்கொண்டது. மூளை எப்போதும்போலப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது.

களம் முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரித்தார். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. அஞ்சலையும் சிரித்தாள், ஒரு மாதத்தில் முதல் தடவை. மருதாயி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பிடித்த கையை இறுக்கிக்கொண்டு கிளாக்கரையே பார்த்தாள்.

தேவசகாயம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சாட்சிகள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இந்தத் தடவை நம்பரை விட்டுவிட்டு, கடைசி வரிசை வரை கேட்கும்படி நிதானமாக வாசித்தார்.

"மருதாயி."